ஓடும் சர்வரில் எஸ்எம்டியை அணைத்தபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

விஎம்களை, அதாவது மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினிகளை, வாடகைக்குக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில், அவற்றை ஓட்டும் ஹோஸ்ட் சர்வர்களின் எஸ்எம்டியை (ஒரே ப்ராசஸர் கோர் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்களை ஓட்டும் வசதி) லினக்ஸ் கெர்னல் வழியாக அணைக்க எடுத்த முயற்சி எப்படித் தொடங்கி எங்கே முடிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவன் இல்லை. முதல் முயற்சி சிக்கலில் மாட்டிய பிறகு உதவிக்குக் கூப்பிட்டார்கள். லாக், அமைப்புக் கோப்புகள், அவர்கள் எழுதி வைத்திருந்த மாற்றக் குறிப்புகள் எல்லாவற்றையும் பார்க்க விட்டார்கள், பெயர் சொல்லாமல் எழுதவும் சம்மதித்தார்கள். நாளைக்கு இதே வேலையில் இறங்கப் போகிறவர், ஒரு கோப்பில் எழுதும் ஒரே ஒரு சொல் எவ்வளவு தூரம் போய்த் தாக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

## பின்னணி

இருபதுக்குக் கொஞ்சம் மேல் ஹோஸ்ட்கள். பெரும்பாலானவை இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறை ஸியான் ப்ராசஸர் கொண்டவை: இரண்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு 16 கோர், கோருக்கு இரண்டு த்ரெட், ஆக லினக்ஸ் பார்ப்பது 64 சிபியு. எண்கள் வழக்கம்போலத்தான்: 0 முதல் 31 வரை கோர்களின் முதல் த்ரெட்கள், 32 முதல் 63 வரை அவற்றின் ஜோடிகள். அதாவது சிபியு 3-ம் சிபியு 35-ம் ஒரே கோர். கெர்னல் 4.19 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, ப்ராசஸ்களைக் குழுவாக்கி வளங்களைப் பங்கிடும் சிகுரூப் பழைய முதல் பதிப்பு, மேலே விஎம்களை ஓட்டும் கேவிஎம், அதை நிர்வகிக்க லிப்விர்ட்.

ஹோஸ்ட்கள் இரண்டு வகை. ஒன்றில் வெவ்வேறு வாடிக்கையாளர்களின் விஎம்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இன்னொன்றில் நிறுவனத்தின் சொந்த பில்டு வேலைகளும் கணக்கீட்டு வேலைகளும் மட்டும். இந்தப் பிரிவு பின்னால் முக்கியமாகிறது, ஆனால் தொடக்கத்தில் யாரும் இதைக் கவனத்தில் எடுக்கவில்லை.

ஒரு பெரிய வாடிக்கையாளர் அனுப்பிய பாதுகாப்புக் கேள்விப்பட்டியலில் இருந்து விஷயம் தொடங்கியது. "எங்கள் விஎம் ஓடும் கோரில் வேறு யாருடைய கோடும் அதே நேரத்தில் ஓடக் கூடாது, அதை எப்படி உறுதி செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். குழு சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) சிபியு அடைவுக்குள் இருக்கும் வல்னரபிலிட்டீஸ் அடைவைத் திறந்து பார்த்தது. எல்1டிஎஃப், எம்டிஎஸ் என்ற இரண்டு ப்ராசஸர் பாதுகாப்புக் குறைகளுக்கான கோப்புகளிலும் தடுப்பு இயங்குகிறது என்று இருந்தது, ஆனால் இரண்டு வரிகளின் கடைசியிலும் "எஸ்எம்டி வல்னரபிள்" என்றும் இருந்தது. இவ்வளவு நாளும் வரியின் முதல் பாதியைப் படித்துவிட்டு எல்லோரும் நகர்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசி இரண்டு சொல்லின் பொருளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எடுத்த முடிவுகள் புரியாது.

எஸ்எம்டியில் ஒரே கோரின் இரண்டு த்ரெட்கள் எல்1 கேஷ் (கோருக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்), கணக்கிடும் அலகுகள், நினைவகத்திலிருந்து டேட்டா வந்து நிற்கும் இடைக்கால பஃபர்கள் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கின்றன. இது பாதுகாப்புச் சிக்கல் ஆகலாம் என்பது புதிய செய்தி கிடையாது. 2005-லேயே ஆய்வாளர் காலின் பெர்சிவல், பக்கத்து த்ரெட்டின் கேஷ் நடமாட்டத்தைக் கவனித்தே ஆர்எஸ்ஏ சாவியின் பகுதிகளைப் பிடிக்கலாம் என்று காட்டினார். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2018 ஜூனில் எஸ்எம்டியை முன்னிருப்பாகவே அணைத்துவிட்டது, வேண்டும் என்பவர்கள் ஒரு சிஸ்கன்ட்ரோல் மதிப்பை மாற்றி இயக்கிக்கொள்ளலாம். லினக்ஸ் உலகில் பெரிய அதிர்ச்சி 2018 ஆகஸ்ட் 14 அன்று வெளியான எல்1டிஎஃப்.

எல்1டிஎஃப் சிக்கலின் மையம் இதுதான். பேஜ் டேபிள் (நினைவக முகவரிகளின் அட்டவணை) பதிவு ஒன்றில் "இந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லை" என்று குறித்திருந்தாலும், ப்ராசஸர் ஊகத்தில் (தேவைப்படலாம் என்று முன்கூட்டியே) ஓடும்போது அந்தப் பதிவில் கிடக்கும் முகவரியை எடுத்து, அது எல்1 டேட்டா கேஷில் இருந்தால் மதிப்பைப் படித்துவிடுகிறது. விஎம்முக்குள் இருப்பவர் தன் பேஜ் டேபிளைத் தானே எழுதுகிறார், அதனால் எந்த முகவரியை வேண்டுமானாலும் அங்கே வைக்கலாம். விஎம்மை ஹோஸ்ட்டிலிருந்து பிரிக்கும் இரண்டாவது அடுக்கு முகவரி மாற்றமும் இந்த ஊக ஓட்டத்தில் தாண்டப்படுகிறது. விஎம்முக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் எல்1 கேஷை கெர்னல் காலி செய்தால், அதே த்ரெட்டில் முன்னால் ஓடியவரின் டேட்டா போய்விடும். பக்கத்து த்ரெட்டில் இந்த நொடியில் ஓடிக்கொண்டிருப்பவரின் டேட்டா? அது காலி செய்த மறுகணமே கேஷுக்குள் வந்துகொண்டிருக்கும். இதற்கு எதிராகக் கேஷ் காலி செய்வது உதவாது. 2019 மே மாதம் வெளியான எம்டிஎஸ்ஸிலும் இதே கதைதான், கேஷுக்குப் பதில் உள் பஃபர்கள்.

எல்1டிஎஃப் திருத்தங்களோடுதான் லினக்ஸில் எஸ்எம்டியைக் கட்டுப்படுத்தும் வசதியும் சேர்ந்தது. சிபியு அடைவுக்குள் எஸ்எம்டி என்று ஓர் அடைவு, அதில் கன்ட்ரோல், ஆக்டிவ் என்று இரண்டு கோப்புகள். கன்ட்ரோலில் ஆன், ஆஃப், ஃபோர்ஸ்ஆஃப் என்று எழுதலாம். ஆஃப் என்றால் ஜோடி த்ரெட்கள் ஆஃப்லைன் ஆகும், மறுபடி ஆன் எழுதினால் திரும்பும். ஃபோர்ஸ்ஆஃப் எழுதினால் ரீபூட் செய்யும்வரை திரும்பாது. பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போதே அதற்குக் கொடுக்கும் கட்டளைகள்) கொடுப்பதானால் நோஎஸ்எம்டி, அல்லது நோஎஸ்எம்டி=ஃபோர்ஸ்.

## முதல் முடிவு: ஓடும்போதே அணைப்பது

குழு எடுத்த முடிவு, எல்லா ஹோஸ்ட்களிலும் கன்ட்ரோல் கோப்பில் ஆஃப் என்று எழுதிவிடலாம் என்பது. காரணங்கள் நியாயமானவைதான். ரீபூட் வேண்டாம், விஎம்களை நகர்த்த வேண்டாம், சிக்கல் வந்தால் ஆன் என்று எழுதித் திரும்பிவிடலாம். வாடிக்கையாளர் கொடுத்த கெடுவும் நெருங்கியிருந்தது.

சோதனைக்கு ஒரு காலி ஹோஸ்ட்டை எடுத்துச் செய்து பார்த்தார்கள். சில நொடிகளில் 32 சிபியு போனது, ஆன் எழுதியதும் எல்லாம் வந்தது. சோதனை வெற்றி என்று குறிப்பில் பதிந்தார்கள். காலி ஹோஸ்ட்டில் எந்த விஎம்மும் எந்தச் சிபியுவோடும் கட்டப்படவில்லை, எந்த இன்டரப்ட்டும் (வன்பொருள் சிபியுவைக் கூப்பிடும் அறிவிப்பு) கையால் ஒதுக்கப்படவில்லை, அதனால் அந்தச் சோதனை ஒரு விஷயத்தை மட்டுமே நிரூபித்தது: கெர்னல் சிபியுக்களை எடுக்கவும் கொடுக்கவும் தெரிந்தது. அதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

## கவனித்தவை

இரவுப் பணியில் முதல் நான்கு ஹோஸ்ட்களில் செய்தார்கள். செய்யும்போதே சின்னச் சின்னத் தடங்கல்கள் தெரிந்தன, அது எதிர்பார்க்க வேண்டியதே; ஒவ்வொரு சிபியுவை ஆஃப்லைன் ஆக்கும்போதும் கெர்னல் மற்ற எல்லாச் சிபியுக்களையும் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறது, சுமை உள்ள ஹோஸ்ட்டில் அதை 32 முறை அடுத்தடுத்துச் செய்தால் உள்ளே இருக்கும் விஎம் அதை உணரும்.

அது அடங்கிய பிறகும் புகார்கள் வந்தன. விஎம்களுக்குள் ஸ்டீல் நேரம் (ஹோஸ்ட் சிபியு கிடைக்காமல் விஎம் காத்திருக்கும் நேரம்) ஏறியது, டேட்டாபேஸ் ஓடும் விஎம்களில் பதில் நேரம் தாறுமாறாக ஆடியது. ஆனால் டாஷ்போர்டில் ஹோஸ்ட் சிபியு பயன்பாடு 50 சதவீதத்துக்கு மேல் போகவே இல்லை, கோடு போட்டதுபோல 50-ல் தட்டையாக நின்றது. "பாதி சிபியு சும்மாதானே இருக்கு" என்று முதலில் நெட்வொர்க் பக்கம் தேடப் போனார்கள். அந்தத் தட்டையான கோடுதான் விடை. டாஷ்போர்டின் கணக்கில் பகுக்கும் எண் 64 என்று நிலையாக எழுதப்பட்டிருந்தது. இருப்பது 32 என்றால், 50 என்பது முழுக் கொள்ளளவு.

கெர்னல் லாக்கில் வரிசையாக ஒரே மாதிரி வரிகள்: இன்ன எண் கொண்ட ப்ராசஸ், பெயர் சிபியு 1/கேவிஎம், இனி சிபியு 35-ஓடு பிணைக்கப்படவில்லை. விஎம்மின் விசிபியு (விஎம் தன் சிபியுவாகப் பார்ப்பது) த்ரெட்கள்தான் அந்தப் பெயரில் வரும். பெரிய வாடிக்கையாளர்களின் விஎம்களை இந்தக் குழு ஜோடி ஜோடியாகப் பின் செய்திருந்தது, அதாவது குறிப்பிட்ட சிபியுக்களோடு கட்டியிருந்தது, முதல் விசிபியு சிபியு 3-ல், இரண்டாவது 35-ல் என்று. ஒரே விஎம் ஒரு கோரை முழுதாக வைத்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான் அது. 35 போனதும் இரண்டாவது விசிபியுவுக்கு வீடு இல்லை. அதன் சிகுரூப்பின் சிபியுசெட் (எந்தச் சிபியுக்களில் ஓடலாம் என்ற பட்டியல்) காலியாகிவிட, முதல் பதிப்பு சிகுரூப்பின் விதிப்படி கெர்னல் அந்த த்ரெட்டை மேலே இருக்கும் காலியில்லாத குரூப்புக்கு, அதாவது விஎம்மின் பொதுக் குரூப்புக்கு நகர்த்திவிட்டது. அங்கே 0 முதல் 31 வரை எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். ஆக, பின் செய்யப்பட்ட ஒவ்வொரு விஎம்மிலும் பாதி விசிபியுக்கள் தம் இடத்தில் இருந்தன, மீதிப் பாதி ஹோஸ்ட் முழுக்க அலைந்தன, மற்ற வாடிக்கையாளர்களின் கோர்களிலும், ஹோஸ்ட்டின் சொந்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்த கோர்களிலும்.

இன்டரப்ட்களும் அப்படியே. நெட்வொர்க் கார்டின் வரிசைகளை 32, 33, 48, 49 ஆகிய சிபியுக்களுக்குக் கையால் ஒதுக்கியிருந்தார்கள், தானாகச் சமன்படுத்தும் சேவையை நிறுத்தியும் வைத்திருந்தார்கள். அந்த நான்கும் போனதும், கெர்னல் இன்டரப்ட்களை ஆன்லைனில் இருக்கும் வேறு சிபியுக்களுக்கு மாற்றியது. வேறு வழியில்லை, எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். போய் விழுந்த இடம் வாடிக்கையாளர் விஎம்கள் ஓடும் கோர்கள்.

## திரும்பிப் போக முயன்றது

நான்கு ஹோஸ்ட்களிலும் ஆன் என்று எழுதினார்கள். பணியில் இருந்தவர் மூத்த பொறியாளருக்கு அனுப்பிய செய்தி குறிப்பில் இருக்கிறது: "அக்கா, ஆன் பண்ணிட்டேன், 64 சிபியுவும் வந்துடுச்சு, ஆனா லேட்டன்சி இறங்கவே இல்லை."

இறங்காததற்குக் காரணம், சிபியுக்கள் வந்தாலும் அவற்றைச் சுற்றி இருந்த ஏற்பாடு வரவில்லை. இதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். மெஷின் ஸ்லைஸ் என்ற தாய் குரூப்பின் சிபியுசெட் கோப்பைத் திறந்தால் 0-31. ஆன் செய்வதற்கு முன்னாலும் 0-31, பின்னாலும் 0-31. முதல் பதிப்பு சிகுரூப்பில் ஒரு சிபியு ஆஃப்லைன் ஆனால் எல்லாக் கீழ்க் குரூப்களின் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்படும், திரும்பி ஆன்லைன் வந்தால் உச்சியில் இருக்கும் குரூப்பில் மட்டும்தான் சேரும். கீழே இருப்பவற்றை யாராவது கையால் எழுத வேண்டும். லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பிய பிறகு விஎம்கள் எல்லாம் ஒரே சிபியுவில் சிக்கிக்கொள்ளும் பழைய தொல்லையும் இதே விதியால் வந்ததுதான்.

அடுத்த குழப்பம் இதைச் சரிசெய்யப் போனபோது. பணியில் இருந்தவர் விசிபியு குரூப்பின் சிபியுசெட்டில் 35 என்று எழுதினார், ரூட் பயனராக. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. ரூட்டுக்கே அனுமதி இல்லை என்றால் எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்குதான் காரணம் என்று நினைத்து அதன் கொள்கைகளைத் துழாவுவதில் நேரம் போனது. கெர்னல் சொல்ல வந்தது வேறு: குழந்தையின் பட்டியல் தாயின் பட்டியலுக்குள் அடங்க வேண்டும், தாயிடம் 35 இல்லை. அதற்குக் கெர்னல் திருப்பித் தரும் பிழைக் குறியீடு அனுமதி மறுப்புக்கான அதே குறியீடு, அவ்வளவுதான். மேலிருந்து கீழாக, தாய் முதலில், பிறகு விஎம், பிறகு விசிபியு என்று எழுதினால் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகும் மேலே நகர்த்தப்பட்ட த்ரெட்களைத் தம் குரூப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், இன்டரப்ட்களை மறுபடி ஒதுக்க வேண்டும்.

நான் சேர்ந்தது இந்தக் கட்டத்தில். ஒரு ஹோஸ்ட்டில் கையால் சரிசெய்து பார்த்தோம், முடிந்தது. ஆனால் எதை விட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் அந்த ஹோஸ்ட்டை நம்பக் கூடாது என்று நான் சொன்னேன், மூத்த பொறியாளரும் அதையே நினைத்தார். நான்கிலிருந்தும் விஎம்களை லைவ் மைக்ரேஷனில் (நிறுத்தாமல் ஓடும்போதே) தொடப்படாத ஹோஸ்ட்களுக்கு நகர்த்திவிட்டு, நான்கையும் ரீபூட் செய்தார்கள். விஎம் புதிய ஹோஸ்ட்டில் இறங்கும்போது லிப்விர்ட் குரூப்களைப் புதிதாக உருவாக்குவதால் பின்னிங் சுத்தமாக வந்தது. புகார்கள் அன்றே நின்றன.

## இரண்டாவது முடிவு: யார் யாரை நம்புகிறார்கள்

அப்புறம் உட்கார்ந்து பேசியபோது கேள்வியை மாற்றினோம். எல்லா ஹோஸ்ட்டிலும் எஸ்எம்டியை அணைக்க வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ஒரே கோரில் சேர்ந்து ஓடக்கூடிய இருவர் ஒருவரையொருவர் நம்புகிறவர்களா என்று பார்த்தோம்.

சொந்த வேலைகள் மட்டும் ஓடும் ஹோஸ்ட்களில் எல்லாமே நிறுவனத்தின் கோடு, ஒரே குழுவின் கைக்குள். அங்கே எஸ்எம்டி இருக்கட்டும் என்று முடிவானது. முதல் திட்டப்படி போயிருந்தால் அங்கேயும் தேவையில்லாமல் வேகத்தை இழந்திருப்பார்கள்.

வாடிக்கையாளர்கள் கலந்து ஓடும் பழைய ஸ்கைலேக் ஹோஸ்ட்களில் அணைத்தே ஆக வேண்டும். இங்கே ஒருவர் கோர் ஷெட்யூலிங்கைப் பற்றிக் கேட்டார், நல்ல கேள்வி. 2021-ல் வந்த லினக்ஸ் 5.14-ல் சேர்ந்த வசதி அது. ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு குக்கி கொடுத்துவிட்டால், ஒரே குக்கி உள்ள த்ரெட்கள் மட்டுமே ஒரு கோரின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும், பொருத்தம் இல்லாவிட்டால் ஒரு பக்கத்தை ஷெட்யூலர் வலுக்கட்டாயமாகச் சும்மா வைக்கும். கெர்னலைப் புதுப்பித்து இதைப் போட்டால் எஸ்எம்டியை விட வேண்டாமே? இந்த ப்ராசஸர்களுக்கு அது போதாது. ஒரு த்ரெட்டில் விஎம் ஓடும்போது பக்கத்து த்ரெட் இன்டரப்ட்டுக்கோ சிஸ்டம் காலுக்கோ கெர்னலுக்குள் போகலாம். கெர்னலின் டேட்டா அப்போது பகிரப்பட்ட பஃபரிலும் கேஷிலும் இருக்கும், குக்கி அதைத் தடுக்காது. எல்1டிஎஃப்புக்கும் எம்டிஎஸ்ஸுக்கும் கோர் ஷெட்யூலிங் முழுப் பாதுகாப்பு தராது என்று கெர்னல் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது.

அணைப்பது என்று ஆன பிறகு எங்கே அணைப்பது? பயாஸில் அணைக்கலாம், பூட் வரியில் அணைக்கலாம். பயாஸில் அணைத்தால் கெர்னல் ஜோடி த்ரெட்களைப் பார்ப்பதே இல்லை, கன்ட்ரோல் கோப்பு "ஆதரவு இல்லை" என்று காட்டும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்புவதை இந்தக் குழு முன்பே பார்த்திருந்தது, மாற்றம் யார் கண்ணிலும் படாமல் போகும் என்ற பயம் இருந்தது. பூட் வரி அமைப்பு நிர்வாகத்தின் களஞ்சியத்தில் இருக்கிறது, யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரியும். அதனால் பூட் வரி, அதிலும் நோஎஸ்எம்டி=ஃபோர்ஸ். சாதாரண நோஎஸ்எம்டி போட்டால், நள்ளிரவில் சுமை ஏறும்போது யாராவது ஒருவர் ஆன் என்று எழுதி நிலைமையைச் சமாளித்துவிடலாம், வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிடத்தில் போய்விடும். ஃபோர்ஸ் அந்த வழியை அடைத்துவிடுகிறது. விலை என்னவென்றால் திரும்ப வேண்டுமானால் ரீபூட் செய்தாக வேண்டும், அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பூட் வரியில் கொடுப்பதில் இன்னொரு லாபம், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: லிப்விர்ட், இன்டரப்ட் ஒதுக்கும் ஸ்கிரிப்ட், கண்காணிப்பு ஏஜென்ட் எல்லாம் எழுந்திருக்கும்போதே 32 சிபியு உள்ள உலகத்தைப் பார்க்கின்றன. அவற்றிடமிருந்து எதையும் பறிக்க வேண்டியதில்லை.

ரீபூட் செய்த முதல் ஹோஸ்ட்டில் ஒரு சின்னப் பதற்றம். ஜோடி த்ரெட்களும் ஒரு கணம் எழுந்து பிறகு அணைந்ததாக லாக் காட்டியது. கட்டளை வேலை செய்யவில்லையோ என்று கேட்டார்கள். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. இந்த இன்டெல் ப்ராசஸர்களில் வன்பொருள் கோளாறை அறிவிக்கும் மெஷின் செக் எல்லா லாஜிக்கல் சிபியுவுக்கும் ஒலிபரப்பாகும். அதைக் கையாளத் தயார் என்ற பிட்டை ஒரு சிபியு தன் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் போடாமல் இருந்தால், அந்தச் செய்தி வரும்போது மொத்த மெஷினும் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஜோடி த்ரெட்டையும் ஒருமுறை எழுப்பி, அந்த பிட்டைப் போடும்வரை கொண்டுவந்து, மறுபடி தூங்க வைக்கிறது கெர்னல்.

## கொள்ளளவுக் கணக்கு

அதிக நேரம் பேச வேண்டியிருந்தது இதைப் பற்றித்தான். குழுவின் திட்டத் தாளில், ஹோஸ்ட்கள் சராசரியாக 45 சதவீதப் பயன்பாட்டில் ஓடுகின்றன, பாதிச் சிபியு போனால் 90 ஆகும், எப்படியோ அடங்கிவிடும் என்று இருந்தது. மேலாளர் ஒருவர் இதற்கு நேர் எதிராக, எஸ்எம்டி தருவது 20, 30 சதவீதம் என்றுதானே சொல்கிறார்கள், அப்படியானால் இழப்பு சின்னது, கவலை வேண்டாம் என்றார். இரண்டு கணக்கும் தனித்தனியாகப் பார்த்தால் தவறு.

எஸ்எம்டி உள்ள மெஷினில் பயன்பாட்டுச் சதவீதம் கொள்ளளவை நேராகக் காட்டாது. ஷெட்யூலர் முடிந்தவரை காலியான கோருக்குத்தான் வேலையை முதலில் அனுப்பும். 32 கோரிலும் ஒவ்வொரு த்ரெட் ஓடினால் அளவி 50 என்று காட்டும், ஆனால் மெஷினின் வேலைத்திறனில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிட்டது. அடுத்த 50 சதவீதத்தில் மிச்சமிருப்பது அந்த இரண்டாவது த்ரெட்கள் தரும் கூடுதல் மட்டும். அது வேலையைப் பொறுத்தது. நினைவகத்துக்காகக் காத்துக் காத்து நிற்கும் கோடுக்கு நிறையக் கிடைக்கும், கணக்கிடும் அலகுகளை ஏற்கனவே நிரப்பி வைத்திருக்கும் கோடுக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். எனவே 45-ல் ஓடிய ஹோஸ்ட் அணைத்த பிறகு சராசரியில் 90 ஆகாது என்று எதிர்பார்க்கலாம், ஒவ்வொரு த்ரெட்டும் முன்னைவிட வேகமாக ஓடும் என்பதால். உச்ச நேரத்தில் 70, 80 போய்க்கொண்டிருந்த ஹோஸ்ட்தான் தாங்காது. சராசரியைப் பார்த்துத் திட்டம் போட்டவர்களுக்கு உச்சம் தெரியவில்லை.

ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு வேலையை அளந்தார்கள். ஒரே ஹோஸ்ட்டில் ஒருமுறை எஸ்எம்டியோடும் ஒருமுறை இல்லாமலும் பூட் செய்து, மாதிரி டேட்டாபேஸ் சுமையை ஏற்றி, விநாடிக்கு எத்தனை வினவல் முடிகிறது, அதிகபட்சப் பதில் நேரம் என்ன என்று பார்த்தார்கள். மொத்த வேலைத்திறனில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது, ஆனால் சுமை நடுத்தரமாக இருக்கும்வரை பதில் நேரம் முன்னைவிடச் சீராக இருந்தது. அந்த அளவை வைத்து ஒரு ஹோஸ்ட்டில் விற்கும் விசிபியுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், கூடுதல் ஹோஸ்ட்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

## பின்னர் நடந்தவை

பழைய பொது ஹோஸ்ட்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்யப்பட்டு, நோஎஸ்எம்டி=ஃபோர்ஸோடு எழுப்பப்பட்டன. பின்னிங் அட்டவணை 0 முதல் 31 வரைக்கு மட்டும் புதிதாக எழுதப்பட்டது, இன்டரப்ட்களுக்கு இரண்டு முழுக் கோர்கள் தனியாக. இந்தச் சுற்றில் வாடிக்கையாளர் புகார் எதுவும் வரவில்லை. வல்னரபிலிட்டீஸ் கோப்புகளில் "எஸ்எம்டி டிஸேபிள்ட்" என்று வந்த வரிகளை அப்படியே எடுத்து அந்தப் பெரிய வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள், கெடு கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது, அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

புதிதாக வந்த ஹோஸ்ட்கள் ஏஎம்டி ஸென் குடும்பம், எல்1டிஎஃப்பும் எம்டிஎஸ்ஸும் அவற்றைப் பாதிப்பதில்லை. ஆனாலும் கேஷையும் கணக்கிடும் அலகுகளையும் பகிர்வதால் வரும் பக்கவழிக் கசிவு எந்த எஸ்எம்டி ப்ராசஸரிலும் இருக்கும், அதனால் அங்கே 6.1 கெர்னல், இரண்டாவது பதிப்பு சிகுரூப், அதன் மேல் விஎம்முக்கு ஒரு குக்கி என்று கோர் ஷெட்யூலிங் போட்டார்கள். லிப்விர்ட்டில் அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது, தனியாக எழுத வேண்டியதில்லை. ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது, ஒற்றை விசிபியு உள்ள சின்ன விஎம்கள் இங்கே விலை அதிகம். அவற்றின் பக்கத்து த்ரெட்டில் பொருத்தமான குக்கி வேறெதுவும் கிடையாது, பாதிக் கோர் சும்மா நிற்கும். அந்த வகை விஎம்களை இரண்டு விசிபியுவாக மாற்றி விற்கலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

சுமையோடு ஓடும் ஹோஸ்ட்டில் கன்ட்ரோல் கோப்பை இனி யாரும் தொடுவதில்லை. காலி செய், பூட் வரியை மாற்று, ரீபூட், சரிபார், விஎம்களைத் திருப்பு, இதுதான் வரிசை. எதுவும் பின் செய்யப்படாத மெஷினில், அல்லது இரண்டாவது பதிப்பு சிகுரூப் உள்ள மெஷினில், ஓடும்போதே மாற்றுவது இவ்வளவு வலிக்காது. இரண்டாவது பதிப்பில் எழுதி வைத்த பட்டியல் அப்படியே இருக்கும், நடைமுறையில் உள்ள பட்டியல் மட்டும் மாறும், சிபியு திரும்பினால் அதுவும் திரும்பும். ஆனாலும் இன்டரப்ட்கள் திரும்பாது, அதனால் வரிசையை மாற்ற நான் சிபாரிசு செய்யவில்லை.

சோதனை ஹோஸ்ட் காலியாக இருக்கக் கூடாது. பின் செய்த விஎம் குறைந்தது இரண்டு வேண்டும், வாடிக்கையாளர் விஎம்கள் ஓடும் ஹோஸ்ட்களில் இருக்கும் அதே இன்டரப்ட் ஒதுக்கீடு வேண்டும், திரும்பிப் போகும் வழியையும் சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் அதிகம் வலித்தது திரும்பும் வழிதான்.

டாஷ்போர்டில் 64 என்ற எண்ணை எடுத்துவிட்டு, ஆன்லைனில் உள்ள சிபியு எண்ணிக்கையை அந்தந்த நேரத்தில் படித்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். கூடவே தினமும் ஓடும் ஒரு சரிபார்ப்பு: கன்ட்ரோல் கோப்பு அந்த ஹோஸ்ட்டின் வகைக்கு ஏற்ற மதிப்பைக் காட்டுகிறதா, வல்னரபிலிட்டீஸ் வரிகளின் கடைசிப் பகுதி என்ன சொல்கிறது, ஒவ்வொரு விசிபியு த்ரெட்டின் உண்மையான சிபியு பட்டியல் அட்டவணையோடு பொருந்துகிறதா. மூன்றாவது சரிபார்ப்பு எழுதி முடித்தவுடன், இந்த நிகழ்வோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஹோஸ்ட்டில் பின்னிங் இழந்து அலைந்துகொண்டிருந்த ஒரு விஎம்மை அது பிடித்தது. பல மாதம் முன்பு ஒரு சிபியுவைப் பராமரிப்புக்காக ஆஃப்லைன் ஆக்கித் திருப்பியிருக்கிறார்கள்.